எதுக்கு மன்னிக்கணும்?

அத்தியாயம் பதினொன்று

யூதப் புத்தாண்டு விருந்தில் மாதுளம்பழத்தை உரித்துக்கொண்டே என் நாத்தனார் மார்செல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாளே, நினைவிருக்கிறதா? வீட்டை விற்றாயிற்றாம். ஆக்லாந்தில் இருக்கும் மகன் யோவாவோடு போய் இருந்துவிடப் போகிறாளாம். யோம் கிப்பூர் என்னும் பாவமன்னிப்பு நாள் நோன்பு முடிந்த மறுநாளே விமானம். அதைக் கேட்ட என் கணவர் சசோன், தேனில் தோய்த்த ஆப்பிள் துண்டை வாயில் வைத்தபடி மெல்லாமல் உட்கார்ந்திருந்தார். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான்.

அந்த யோம் கிப்பூர் வந்தேவிட்டது. இன்று சூரியன் விழுந்தால் நோன்பு.

எங்கள் ஊர் ரமத் கானில் இன்றைக்கு எந்த வீட்டுச் சமையலறையிலும் நிற்க இடமிருக்காது. நோன்புக்கு முன் வயிறாரச் சாப்பிடுவதும் நமக்குக் கடமை. நான் கோழி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். நாளை இரவு நோன்பு திறக்க வேண்டிய பாதாம் பாலுக்கு ஏலக்காய் தட்டிப் போட வேண்டியிருந்தது. சசோன் மேசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கிறாராம்.

எப்படி என்கிறீர்கள்? வெள்ளைப் புறாப் படம் ஒன்று. அதன் கீழே, "கடந்த ஆண்டில் தெரிந்தோ தெரியாமலோ உங்கள் மனதைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்." அதைக் குழாய் ரிப்பேர்க்காரர், பல் டாக்டர், வங்கியில் இருக்கும் அந்தச் சிவப்புத் தலைக்காரி என்று எல்லாருக்கும் ஒரே தட்டில் தட்டிவிட்டார். குழாய்க்காரர் பதிலுக்கு இதயம் அனுப்பினார்.

"நாவா, இவ என்ன எழுதியிருக்கா பாரு," என்று கைப்பேசியை நீட்டினார்.

மார்செல்லிடமிருந்து ஒரே ஒரு சொல். 'எதுக்கு?'

"கேட்கிறது நியாயந்தானே," என்றேன். "எதுக்கு?"

"எதுக்குன்னா? பொதுவா எல்லாத்துக்கும்."

"பல் டாக்டருக்கும் தங்கச்சிக்கும் ஒரே புறாவா சசோன்?"

அவர் முகம் சுண்டிவிட்டது. ஜெபாலயத்தில் ஒவ்வோர் ஆண்டும் எழுந்து நின்று ஊருக்குச் சொல்கிறவர் அவர்தான். மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ளதை இந்த நாள் கழுவிவிடும். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ளதை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு. ஊருக்குச் சொல்வது சுலபம். இப்போது தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிட்டது.

"அப்போ நான் ஏதோ பண்ணியிருக்கேன்," என்றார் மெதுவாக. "என்ன பண்ணினேன்னு தெரியலை. அவ போயிட்டா திரும்பி வரப்போறதில்லை நாவா. நெஞ்சுல ஒண்ணை வச்சுக்கிட்டே போயிடுவா."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என்னவாக இருக்கும்? அடுப்பை அணைத்தேன். உள்ளதைச் சொன்னால் இரக்கம் பாதி, ஆவல் பாதி. சசோனோடு காரில் ஏறிவிட்டேன்.

மார்செல் இருப்பது பக்கத்து ஊர் கிவதாயிமில், மேட்டின் மேல், மூன்றாம் மாடி. எய்லாத்தில் ஓட்டல் சமையலறையில் வருஷக்கணக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவள். கதவைத் திறந்தவள் கையில் பெட்டி கட்டும் டேப் இருந்தது.

"வாங்க. எதுக்குன்னு கண்டுபிடிச்சாச்சா?"

சசோன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டார். "கிதோன் விஷயம். நீ அவனை விவாகரத்து பண்ணின பிறகும் நான் அவனோட ஷேஷ்பேஷ் பகடை ஆடப் போனது தப்புதான்."

கிதோன் அவளுடைய முன்னாள் கணவன். மார்செல்லின் புருவம் மேலே ஏறியது.

"நீ அவனோட ஆடினியா?"

"உனக்குத் தெரியாதா?"

"இப்போ தெரியும். இன்னும் ஆடுறியா?"

"வியாழக்கிழமை மட்டும்."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு வந்தால் அடக்க முடியாத ஜாதி நான்.

"சரி, அது இல்லை," என்று அவர் அவசரமாக அடுத்ததற்குத் தாவினார். "அப்போ சுல்தான். உன் பூனை. அது ஓடிப் போகலை மார்செல். என் கார் சீட்டையெல்லாம் கிழிச்சுது. நான்தான் ஹெர்ஸ்லியா மீன்பிடித் துறையில கொண்டுபோய் விட்டேன். அங்கே மீனாவது கிடைக்குமேன்னு."

"நான் மூணு மாசம் தெருத்தெருவா அதோட படத்தை ஒட்டினேன்."

"ஒட்ட நானும்தானே வந்தேன்."

"ஆமா. பசை வாளியைத் தூக்கிட்டு வந்தே," என்றாள் மார்செல். "வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு, எனக்கும் பெட்டி கட்டணும்."

இன்னொன்றும் இருந்தது. அவள் மகனின் பதிமூன்றாம் வயதுச் சடங்கில் அவள் செய்த சோறு குழைந்துவிட்டதென்று இவர் மேசை மேசையாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். அதையும் கொட்டினார். அதுவும் அவளுக்குத் தெரியாது. கதவு சாத்தப்பட்டது. ஓங்கியெல்லாம் சாத்தவில்லை, மெதுவாகத்தான்.

காருக்கு வந்ததும் சசோன் விரல் மடக்கினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு தடவை கேட்டாச்சு. மதச் சட்டப்படி மூணு தடவை கேட்டும் மன்னிக்கலைன்னா, அப்புறம் பாவம் மன்னிக்காதவங்க தலையில."

"நீ மூணு தடவை கேட்டியா? மூணு தடவை மாட்டிக்கிட்டே."

"கேட்டேன்ல?"

"அவ வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி தப்பிச்சு ஓடப் பார்க்கிறே. உனக்குத் தங்கச்சி வேணுமா, சட்டம் வேணுமா?"

"இங்கேயே உட்காரு," என்று சொல்லிவிட்டு நான் மட்டும் மறுபடி மேலே ஏறினேன்.

மார்செல் சமையலறையில் முட்டை வேக வைத்துக்கொண்டிருந்தாள். மற்ற பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போயிருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"என்ன பண்ணினான் உன் அண்ணன்?"

"உன்னை அனுப்பினானா?"

"இல்லை. எனக்கே தெரிஞ்சுக்கணும். மண்டை வெடிச்சிடும் போல இருக்கு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவனால கண்டுபிடிக்க முடியாது நாவா. பண்ணின தப்பையெல்லாம் தேடிக்கிட்டிருக்கான். இது அவன் பெருமையாச் சொல்லிக்கிற விஷயம். வருஷா வருஷம் ஊரைக் கூட்டிச் சொல்றான். அந்தக் கதையைக் கேட்க முடியாமத்தான் நான் வர்றதில்லை."

"எங்கே வர்றதில்லை?"

"போதும், இதுக்கு மேல கேட்காதே. நீ கண்டுபிடிச்சாலும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதே. ஒருத்தர் சொல்லிக் கொடுத்து இன்னொருத்தர் ஒப்பிக்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம்."

படி இறங்கும்போது யோசித்தேன். என் கணவர் பெருமையடிக்கிற விஷயம் ஒன்றா இரண்டா? ஆனால் வருஷா வருஷம், ஊரைக் கூட்டி? மார்செல் பெசா பண்டிகைக்கு வருவாள். புத்தாண்டுக்கு வருவாள். குடில் போட்டுக் கொண்டாடுகிற சுக்கோத்துக்கு மட்டும் வரமாட்டாள். எய்லாத் ஓட்டலில் கூட்டம் என்பாள். ஓய்வு பெற்ற பிறகு முழங்கால் வலி என்பாள். இந்தத் தடவை சுக்கோத் வருவதற்குள் நாட்டை விட்டே போகிறாள்.

சுக்கோத் முதல் ராத்திரி, குடிலில், பனையோலைக் கூரைக்குக் கீழே, விருந்தாளிகளை வைத்துக்கொண்டு சசோன் சொல்கிற கதை ஒன்றுதான். அப்படியொரு சுக்கோத்துக்கு முந்தின ராத்திரிதான் மாமியார் செத்தது.

காரில் ஏறி உட்கார்ந்தேன். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றுதானே சொன்னாள்? கேள்வி கேட்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

"சசோன், அம்மாவை அடக்கம் பண்ணின கதையைச் சொல்லேன்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி அவரை இரண்டு தடவை கேட்க வேண்டியதில்லை. "ராத்திரி அம்மா போயிட்டா. விடிஞ்சா சுக்கோத்துக்கு முந்தின நாள். அடக்கம் பண்றவங்க சொல்றாங்க, மத்தியானத்துக்குள்ள முடிக்கணும், இல்லைன்னா பண்டிகை முதல் நாள் கழிச்சுத்தான்னு. நான் ஓடின ஓட்டம் எனக்குத்தான் தெரியும். டாக்டர் சான்று, வண்டி, ஜெபத்துக்குப் பத்து ஆளு. மத்தியானத்துக்குள்ள முடிச்சேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் துக்கத்துக்குத் தரையில உட்கார்ந்தோம். சூரியன் விழுந்தது, பண்டிகை வந்தது, ஏழு நாள் துக்கம் அதோட ரத்து. அழுகை வீடா இருந்தது பண்டிகை வீடா ஆயிடுச்சு. ஜெபாலயத்து ரப்பியே என் கையைப் பிடிச்சு, ஒரு மகன்னா இப்படி இருக்கணும்னார்."

இந்த இடத்தில் விருந்தாளிகள் எப்போதும் தலையாட்டுவார்கள். நான் ஆட்டவில்லை.

"மார்செல் அப்போ எங்கே இருந்தா?"

"எய்லாத்ல. தகவல் சொன்னதும் கிளம்பிட்டா. காலை பஸ்."

"பஸ் எப்போ வந்தது?"

"அது மத்தியானம் தாண்டி..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. எத்தனையோ வருஷம் வாய் ஓயாமல் சொன்ன கதை, இன்று அந்த இடத்தோடு நின்றுவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காரிலிருந்து இறங்கியபோது ஒரு கிழவரைப் போல இறங்கினார்.

மூன்றாம் மாடிக்கு ஏறினோம். கதவு திறந்ததும் சொல்லிவிட்டார்.

"அம்மாவைப் பார்க்க நீ வந்துக்கிட்டிருந்தே. எனக்குத் தெரியும். நான் காத்திருக்கலை."

மார்செல் கதவை அகலத் திறந்தாள்.

"காத்திருந்தா அடக்கம் தள்ளிப் போயிருக்கும். பண்டிகை முடிஞ்சதும் ஏழு நாள் நாம சேர்ந்து உட்கார்ந்திருப்போம். அம்மா துணியெல்லாம் இருக்கிற அந்த வீட்டுல ஏழு நாள் என்னால உட்கார முடியாதுன்னு பயந்தேன். பண்டிகை வந்து துக்கத்தை வெட்டி விடட்டும்னு ஓடினேன். எனக்கு மட்டும் வெட்டிக்கலை. உனக்கும் வெட்டிட்டேன்."

"நான் பையோட வாசல்ல வந்து நின்னேன்," என்றாள் மார்செல். "நீ புதுச் சட்டை போட்டுக்கிட்டு குடில்ல மேசை விரிப்பு விரிச்சுக்கிட்டிருந்தே. நான் வாயைத் திறந்து அழுதேன். நீ என்ன சொன்னே?"

சசோன் கண்ணை மூடிக்கொண்டார். "அழாதே, பண்டிகை வந்துடுச்சுன்னேன்."

"அதுக்கப்புறம் நான் அம்மாவுக்காக அழவே இல்லை சசோன். எங்கே அழறது? எல்லாரும் பாடிக்கிட்டிருந்தாங்க."

இனி இவர் சட்டம் பேசுவார் என்று நான் பயந்தேன். போன துக்கத்தைத் திரும்ப உட்கார முடியாது, அதுவும் யோம் கிப்பூர் வாசலில், என்று ஆரம்பிப்பார். எனக்குத் தெரியாதா என் ஆளை? உப்புக் குறைந்தால்கூட ரப்பிக்குப் போன் போடுகிறவர்.

சசோன் தோல் செருப்பைக் கழற்றினார். பெட்டிகளுக்கு நடுவே, வெறுந்தரையில், அவளைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் துக்கப்படுகிறவர் வாய் திறக்கும் வரை வந்தவர் வாய் திறக்கக் கூடாது. அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று புரிய எனக்கே சற்று நேரம் பிடித்தது. வாய் மூடத் தெரியாத மனிதர் வாய் மூடி உட்கார்ந்திருந்தார்.

மார்செல் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வலியோடு, அவளும் தரையில் இறங்கினாள்.

"பஸ்ல ஒரு பட்டாளத்துப் பொண்ணு என் பக்கத்துல உட்கார்ந்திருந்தா," என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பெண் தண்ணீர் கொடுத்ததைச் சொன்னாள். வழியில் வண்டி நின்றபோது ஓட்டுநரிடம் கெஞ்சியதைச் சொன்னாள். அம்மா தலை வாருகிற சீப்பு வாசனையைச் சொன்னாள். அங்கேதான் உடைந்தாள். அறுபது தாண்டியவள் குழந்தை மாதிரி அழுதாள். சசோன் அவளை அழாதே என்று சொல்லவில்லை. தானும் அழுதார். இரண்டு பேரும் அம்மாவைப் பற்றி மாறி மாறிச் சொல்லிக்கொண்டு, நடுவில் ஒரு தடவை சிரித்துக்கொண்டு, மறுபடி அழுதார்கள். நான் சமையலறை வாசலில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. வீட்டில் என் சூப்பும் சோறும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வெந்திருந்த முட்டைகளை உரித்து, ரொட்டியோடு இரண்டு பேர் கையிலும் கொடுத்தேன். துக்கத்தில் இருக்கிறவர்கள் முதல் சாப்பாட்டைத் தங்கள் கையால் எடுத்துக்கொள்ளக் கூடாது, பிறத்தியார்தான் கொடுக்க வேண்டும். நோன்புக்கு முந்தின சாப்பாடு எங்களுக்கு இந்த வருஷம் அதுதான்.

கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு மார்செல் அண்ணன் கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சேன். மன்னிச்சேன். மன்னிச்சேன்."

அப்படி மூன்று தடவை சொல்வதுதான் முறை. சசோன் அவள் கையை விடவே இல்லை.

"இப்போ நான் கேட்கணும்," என்றாள். "அம்மா போன ராத்திரி, போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணா. சசோன்கிட்ட சொல்லுன்னு ஒண்ணு சொன்னா. நான் இன்னைக்கு வரைக்கும் உன்கிட்டச் சொல்லலை. நீ என்கிட்டேருந்து ஏழு நாளை எடுத்துக்கிட்டே. நான் இதை உனக்குக் கொடுக்காம வச்சுக்கிட்டேன்."

சசோன் அவள் பக்கம் குனிந்தார்.

"என்ன சொன்னா?"

"இப்போ சொன்னா நாளைக்கு உன்னால ஜெபத்துல நிற்க முடியாது. நோன்பு முடிஞ்சதும் வா."

அதற்கு மேல் அவள் வாயைக் கிளற முடியவில்லை. நேரமும் இல்லை. நோன்பு தொடங்கப் போகிறது, இனி காரைத் தொடக்கூடாது. தோல் செருப்பும் ஆகாது. யோவாவின் பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு சசோன் இறங்கினார்.

தெருவில் ஒரு வண்டி இல்லை. வெள்ளை உடுத்தியவர்கள் நடுரோட்டில் ஜெபாலயத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு பறந்தன. நோன்பின் முதல் ஜெபமான கோல் நித்ரே தொடங்கும்போது முன்வரிசையில் சசோன் இல்லாத வருஷம் கிடையாது. நாங்கள் வேகமாக நடந்தோம். என்ன சொல்லியிருப்பாள் என் மாமியார்? சாகப் போகிற ராத்திரி, மகனிடம் நேரே சொல்லாமல், மகள் வழியாக? எனக்குள் குடைந்துகொண்டே வந்தது.

மேட்டின் அடிவாரத்தில் சசோன் நின்றுவிட்டார்.

"நாவா, நீ போ. நான் திரும்பிப் போறேன்."

"எதை விட்டுட்டு வந்தே?"

"அவ மன்னிப்புக் கேட்டா. நான் மன்னிச்சேன்னு சொல்லலை. என்ன சொன்னான்னு மட்டுந்தான் கேட்டேன்."

"நாளைக்கு ராத்திரி போகத்தானே போறே? விஷயத்தைக் கேட்டுட்டு மன்னிச்சுடு."

மேட்டு விளிம்பில் சூரியன் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சசோன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கேட்டப்புறம் என்னால மன்னிக்க முடியாமப் போயிட்டா?" என்றார்.

அவர் திரும்பி, ஜெபாலயத்துக்கு இறங்கி வருகிற கூட்டத்துக்கு எதிராக, மேடு ஏறத் தொடங்கினார்.